பேர் போடாத நடிகையும் பிரேக் லைட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். 41 வருசம் பஞ்சிகாவத்தையில வாகன வயரிங் வேலை செய்தனான், அங்க போய் வயரிங் பாஸ் எண்டு கேட்டா காட்டுவினம், சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா பக்கத்துக் கடைக்காரனே முழிப்பான். பேப்பருக்கு நான் எழுதுற முதல் கடிதம் இது. பிழை இருந்தா திருத்துங்கோ, நீளம் எண்டு வெட்டுறதெண்டா நடுவில எங்கயாவது வெட்டுங்கோ, கடைசியில மட்டும் கை வைக்காதேங்கோ, ஏனெண்டு அங்க வந்தா உங்களுக்கே விளங்கும்.

ரெண்டு ஞாயிறுக்கு முந்தி உங்கட சினிமாப் பக்கத்தில ரெண்டு பிழை கண்டன். ஒண்டு, உலகத்தின்ர முதல் சினிமா ஸ்டார் சார்லி சாப்ளின் எண்டு பெரிய எழுத்தில போட்டிருந்தீங்கள். மற்றது அதே பக்கத்தில கீழ் மூலையில ஒரு ஸ்டில், எழுபதுகள்ல எங்கட நாட்டில எடுத்த தமிழ்ப் படமொண்டில இருந்து எடுத்தது, அதுக்குக் கீழ கதாநாயகன்ர பேர், கதாநாயகியின்ர பேர், பிறகு "மற்றும் துணை நடிகைகள்" எண்டு முடிச்சிருந்தீங்கள். சாப்ளின்ர விசயத்தை முதல் சொல்லுறன். மற்றது வீட்டு விசயம், அதுக்குப் பிறகு வாறன்.

சாப்ளினோட எனக்கு ஒரு கோபமும் இல்ல, அந்த மனுசன்ர நடையைப் பாத்தா இண்டைக்கும் தனிய இருந்து சிரிக்கிற ஆள் நான். ஆனா அவர் படத்தில முகம் காட்டினது 1914 இல. அதுக்கு நாலு வருசம் முந்தி, 1910 மார்ச் மாசம், அமெரிக்காவில ஒரு நடிகையின்ர படத்தையும் பேரையும் விளம்பரத்தில அடிச்சு, அந்தப் பிள்ளை செயின்ட் லூயிஸ் எண்ட ஊரில ரயிலால இறங்கேக்க ஸ்டேசன் முட்டச் சனம். அவவின்ர பேர் ஃபுளோரன்ஸ் லோரன்ஸ். பிரான்ஸில மாக்ஸ் லிண்டர் எண்டொருத்தர் அந்த நேரமே பேரோட ஓடினவர், அவருக்காக ஆராவது சண்டைக்கு வந்தா நான் விட்டுக் குடுத்திடுவன். சாப்ளினுக்கு விட்டுக் குடுக்க ஏலாது.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டா, படம் பாத்து இல்ல, பிரேக் லைட்டால. போன வருசம் மகளின்ர பெடியன் ஏதோ அசைன்மென்ட் எண்டு கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, தாத்தா, பிரேக் லைட்டுக்கு முதல் ஐடியா ஆரின்ர எண்டு கேட்டான். நான் வாழ்க்கையில எத்தினை ஆயிரம் பிரேக் லைட்டை எரிய வைச்சிருப்பன் எண்டு கணக்கில்ல, ஆனா இதை முதல் முதல் யோசிச்சது ஆர் எண்டு ஒரு நாளும் மண்டைக்குள்ள வந்ததில்ல. ஆரோ ஒரு ஜெர்மன்காரனா இருப்பான் எண்டு சொல்லிப்போட்டு பேப்பரைப் பிரிச்சிட்டன். கொஞ்சத்தால பெடியன் ஃபோனைக் கொண்டுவந்து நீட்டுறான், அதில பெரிய தொப்பி போட்ட ஒரு வடிவான வெள்ளைக்காரப் பிள்ளை. ஜெர்மன்காரன் இல்ல தாத்தா, இது படத்தில நடிச்ச அன்ரி எண்டு சொன்னான். நான் நம்பேல்ல. பிறகு நம்பினன், அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு கிழமை வேற வேலை பாக்கேல்ல, பெடியனும் மகளும் தேடித் தேடி வாசிச்சுச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தனான்.

முதல் அந்த சுவிட்ச்சைப் பற்றிச் சொல்லாட்டி எனக்குப் பொச்சம் தீராது. பிரேக் பெடலுக்கு மேல, டாஷ்போர்டுக்குக் கீழ, மல்லாக்கப் படுத்து தலையை உள்ள விட்டாத்தான் தெரியும், பெருவிரல் அளவில ஒரு சுவிட்ச், ரெண்டு வயர், உள்ள ஒரு ஸ்பிரிங், முனையில ஒரு குமிழ். கால் படாம இருக்கேக்க பெடல் அந்தக் குமிழை அமத்திக்கொண்டு நிக்கும். மிதிச்சோண்ண பெடல் விலகும், குமிழ் வெளியில வரும், உள்ள ரெண்டு செப்புத் துண்டு ஒண்டோட ஒண்டு முட்டும், பின்னால சிவப்பு எரியும். அவ்வளவுதான் சாமான். கோல் ரோட்டில பம்பலப்பிட்டியில இருந்து தெஹிவளை போறதுக்குள்ள எத்தினை தரம் மிதிப்பீங்கள், அந்தச் செப்பு கருகாம என்ன செய்யும், நாங்கள் எமரி பேப்பரால தேய்ச்சுப் பூட்டிக் குடுத்தா இன்னும் ஆறு மாசம் ஓடும். புது சுவிட்ச் போடுங்கோ எண்டு சொன்னா ஆர் கேக்கிறது, பின்னால வாறவனுக்குத்தானே அந்த லைட், எனக்கென்ன எண்டு ஒருத்தர் என்ர முகத்துக்கு நேரவே சொன்னவர்.

ஃபுளோரன்ஸ் செய்தது லைட் இல்ல. 1914 வாக்கில அவ தன்ர காருக்குப் பூட்டினது ஒரு கை மாதிரியான சாமான், பட்டனை அமத்தினா காரின்ர பின்பக்கம் அது எழும்பி எந்தப் பக்கம் திரும்பப் போறன் எண்டு காட்டும். இன்னொண்டு, பிரேக்கை மிதிச்சா "ஸ்டொப்" எண்டு எழுதின பலகை பின்னால நிமிர்ந்து நிக்கும். காலுக்கும் காரின்ர பின்பக்கத்துக்கும் தொடுப்பு வைக்கவேணும் எண்ட யோசினை இருக்குதே, அதுதான் முழு விசயமும், மிச்சம் எல்லாம் பல்பும் வயரும். அந்தக் காலத்தில ஆக்கள் ஜன்னலால கையை நீட்டித்தான் சிக்னல் காட்டினவை. எங்கட த்ரீவீலர்காரர் இப்பவும் கையைத்தான் நீட்டினம், சிலர் காலை.

சரி, ஆள் ஆர் எண்டு சொல்லுறன். பிறந்தது கனடாவில, ஒன்டாரியோவில ஹமில்டன் எண்ட ஊரில, 1886 ஜனவரி 2. தகப்பன் குதிரை வண்டி கட்டுற தொழில், தாய் சார்லட் நாடகக் கம்பனி நடத்தின மனுசி, மேடையில லொட்டா லோரன்ஸ் எண்டு பேர். பிள்ளையின்ர உண்மையான பேர் ஃபுளோரன்ஸ் பிரிட்ஜ்வூட், லோரன்ஸ் தாயின்ர மேடைப் பேரில இருந்து ஒட்டினது. தாய் தகப்பன் பிரிஞ்சு, தாய் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்திட்டா. சின்னனிலயே பிள்ளையை மேடையில ஏத்தி, பேபி ஃபுளோ, விசிலடிக்கிற அதிசயக் குழந்தை எண்டு போஸ்டர் ஒட்டினவை. கூத்துக்காரற்ற பிள்ளையள் நடக்கப் பழக முந்தி ஆடப் பழகுமே, அப்பிடி.

சினிமாவுக்கு வந்தது நடிப்புக்காக எண்டுகூடச் சொல்ல ஏலாது, குதிரை ஓடத் தெரிஞ்ச படியால. எடிசன் கம்பனி 1907 இல டேனியல் பூன் எண்ட பழைய அமெரிக்க வேட்டைக்கார வீரன்ர கதையை எடுக்கேக்க தாயையும் மகளையும் எடுத்தது, நாளுக்கு அஞ்சு டொலர், பனிக்குளிருக்குள்ள வெளியில நிண்டு நடிக்கவேணும். பிறகு வைட்டகிராஃப் கம்பனி, கிழமைக்கு 20 டொலர், அதில நடிக்கிறது மட்டும் இல்ல, மற்ற ஆக்களின்ர உடுப்பும் தைக்கவேணும். ஷூட்டிங் முடிய ஊசியும் நூலும். அந்த நேரத்தில டி.டபிள்யூ. கிரிஃபித் எண்ட டைரக்டர் பயோகிராஃப் கம்பனிக்கு ஆள் தேடிக்கொண்டு வந்து, 25 டொலர் தாறன், நடிச்சாக் காணும், தைக்கத் தேவையில்ல எண்டவர். 1908 இல அங்க போயிட்டா. அந்த அஞ்சு டொலருக்காக இல்ல, ஊசியைக் கீழ வைக்கலாம் எண்டதுக்காகத்தான் போயிருப்பா எண்டு என்ர மனுசி சொல்லுறா, அவவும் ஒரு காலத்தில கூலிக்குத் தைச்சவ.

பயோகிராஃப் ஸ்டூடியோ எண்டா நீங்க பெரிசா நினைக்காதேங்கோ. நியூயோர்க்கில பதினாலாம் தெருவில ஒரு பழைய பணக்கார வீடு, அதில டான்ஸ் ஆடுறதுக்கெண்டு கட்டின மண்டபம் ஒண்டு, அதுக்குள்ளதான் கமராவும் நடிப்பும். ஒரு படம் ஒரு றீல், பத்துப் பதினைஞ்சு நிமிசம், சத்தம் இல்ல. கிழமைக்கு ரெண்டு படம் வெளியில போகும். கிரிஃபித் 1908 இல எடுத்த படங்கள்ல முக்கால்வாசியில அவ இருக்கிறா, சோகப் படமும் செய்தவ, ஜோன்ஸ் எண்ட புருசன் பொஞ்சாதி சண்டை பிடிக்கிற பகிடிப் படங்களும் செய்தவ, அந்த பகிடிப் படங்களுக்குத்தான் சனம் விழுந்தது. யூடியூப்பில ஒண்டு ரெண்டு கிடக்கு. நான் பாத்தன். மற்ற ஆக்கள் கையைக் காலை வீசி மேடை நாடகம் ஆடேக்க இந்தப் பிள்ளை தலையைக் கொஞ்சம் சரிச்சு ஒரு பார்வை பாக்குது, எங்களுக்குப் பக்கத்தில இருந்து பாக்கிற மாதிரி, நூறு வருசத்துக்கு மேல போயும் அது வேலை செய்யுது.

இனித்தான் விசயம். இவ்வளவு படத்திலயும் அவவின்ர பேர் ஒண்டிலயும் இல்ல. அவவின்ர மட்டும் இல்ல, ஒருத்தற்ற பேரும் இல்ல, டைரக்டர்ர பேரே இல்ல. படம் தொடங்கினா கம்பனியின்ர பேர், படத்தின்ர பேர், அவ்வளவுதான். பேர் போட்டா ஆள் பிரபலமாகும், பிரபலமானா சம்பளம் கூடக் கேக்கும், அதுதான் கம்பனியின்ர கணக்கு. மேடையில இருந்து வந்த நடிகருக்கும் பயாஸ்கோப்பில நடிக்கிறது கொஞ்சம் வெக்கம், பேர் வராட்டி நல்லம் எண்டு இருந்தவையும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனா அந்த வெக்கம் முதலாளிக்கு வாய்ப்பாப் போச்சு. முதலாளிமாருக்கு எல்லா ஊரிலயும் ஒரே வயரிங்தான்.

சனம் சும்மா இருக்கேல்ல. கடிதம் எழுதிச்சு. பேர் தெரியாட்டி எப்பிடி எழுதுறது, பயோகிராஃப் கேர்ள் எண்டு போட்டு எழுதிச்சு. இந்தப் பிள்ளை ஆர், பேர் என்ன, கலியாணம் கட்டிட்டுதா எண்டு கேட்டு கம்பனிக்குக் கட்டுக்கட்டாக் கடிதம். கம்பனி மறுமொழி சொல்லேல்ல. இஞ்ச கொஞ்சம் நிண்டு யோசிச்சுப் பாருங்கோ ஐயா, கடிதம் எழுதினது பெரிய விமர்சகர்மார் இல்ல, அஞ்சு சதம் குடுத்து இருட்டுக்குள்ள இருந்து படம் பாத்த சனம். நான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிஞ்சதே அதை நினைச்சுத்தான்.

அவவும் புருசன் ஹரி சோல்ட்டரும் இன்னும் நல்ல சம்பளத்துக்கு இடம் பாப்பம் எண்டு எஸனே எண்ட வேற கம்பனிக்கு எழுதிப் போட்டவை. அந்தக் கம்பனி அந்தக் கதையை அப்பிடியே பயோகிராஃபுக்குச் சொல்லிப் போட்டுது. ஏனெண்டா 1908 இல எடிசன் பெரிய கம்பனியளை எல்லாம் சேர்த்து ஒரு கூட்டு அமைச்சு, கமரா, புரொஜெக்டர், ஃபிலிம் எல்லாத்தின்ர பேட்டன்டையும் ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருந்தவர், பயோகிராஃபும் எஸனேயும் அந்தப் பெட்டிக்குள்ளதான். ரெண்டு பேரையும் நிப்பாட்டினாங்கள். பிறகு வந்த பயோகிராஃப் கேர்ள் மேரி பிக்ஃபோர்ட், அவவை உலகத்துக்கே தெரியும்.

அந்தக் கூட்டுக்கு வெளியில நிண்டு சண்டை பிடிச்ச ஒருத்தர் கார்ல் லாம்லே, பிறகு யூனிவர்சல் ஸ்டூடியோவைத் தொடங்கின மனுசன். அவர் ஃபுளோரன்ஸைத் தன்ர இம்ப் கம்பனிக்கு எடுத்தார். 1910 தொடக்கத்தில பயோகிராஃப் கேர்ள் நியூயோர்க்கில ட்ராம் கார் அடிச்சுச் செத்துப் போச்சு எண்டு ஒரு கதை உலாவுது. உடன இம்ப் கம்பனி பத்திரிகையில பெரிய விளம்பரம் போடுது, இது எங்களுக்கு ஆகாத ஆக்கள் பரப்பின பொய், ஃபுளோரன்ஸ் லோரன்ஸ் உயிரோட இருக்கிறா, எங்களிட்டத்தான் இருக்கிறா, அடுத்த படம் வருது எண்டு. பேர், படம், எல்லாம். அந்தச் செத்த கதையைக் கிளப்பினதே லாம்லேதான் எண்டு கனபேர் சொல்லுகினம். அது நடந்து கொஞ்ச நாளில உயிரோட இருக்கிறதைக் காட்டவெண்டு கிங் பகட் எண்ட நடிகரோட அவவை ரயில் ஏத்தி அனுப்பினதுதான் நான் முதல் சொன்ன செயின்ட் லூயிஸ் பயணம். ஆளின்ர பேர் வெளியில வரவேணுமெண்டா ஆள் முதல் சாகவேண்டிக் கிடந்திருக்கு, பொய்க்கெண்டாலும். எங்கட ஆக்கள் எழுத்தாளருக்கு நினைவு மலர் போடுற மாதிரி.

அதுக்குப் பிறகு கொஞ்ச வருசம் நல்ல காலம். இம்பில ஒரு வருசம் வர முந்தி அம்பது படத்துக்குக் கிட்ட, பிறகு பிலடெல்பியாவில லூபின் கம்பனி, 1912 இல புருசனோட சேந்து விக்டர் எண்டு சொந்தக் கம்பனி, நியூ ஜேர்சியில ஃபோர்ட் லீ எண்ட இடத்தில. ஹொலிவூட் எல்லாம் அப்ப வெறும் தோட்டம், அமெரிக்கச் சினிமா எண்டா ஃபோர்ட் லீதான். கிழமைக்கு 500 டொலர் சம்பளம். தோட்டத்தோட வீடு வாங்கி ரோசா நட்டவ. கார் வாங்கினதும் அந்தக் காலம்தான், அதின்ர பின்னாலதான் அந்தக் கையும் பலகையும்.

பேட்டன்ட் எடுக்கேல்ல. இதை வாசிச்சுக் காட்டேக்க நான் கதிரையை விட்டு எழும்பிட்டன். எடிசன்ர ஆக்கள் ஒரு ஸ்குரூவுக்கும் பேட்டன்ட் எடுத்து ஊரையே வழக்குக்கு இழுத்த காலம் அது, அந்தத் தொழிலுக்குள்ளயே நிண்ட மனுசி தன்ர சாமானுக்கு எடுக்கேல்ல. தாய்க்காரி எண்டா எடுத்தவ, அவவும் லேசுப்பட்ட ஆள் இல்ல. மழைக்குக் கண்ணாடி துடைக்கிற வைப்பர் இருக்குதெல்லோ, கையால ஆட்டுறதுக்கு 1903 இலயே மேரி அண்டர்சன் எண்டொரு அம்மா பேட்டன்ட் எடுத்திட்டா, அதைக் கரண்டில ஓட விட்டு 1917 இல பேட்டன்ட் எடுத்தது இந்தச் சார்லட் பிரிட்ஜ்வூட். அதில இப்ப மாதிரி பிளேட் இல்ல, உருளை. காசு ஒண்டும் வரேல்ல, பேட்டன்ட் காலாவதியாப் போச்சு, பிறகு கார்க் கம்பனியள் எல்லாம் வைப்பர் போடத் தொடங்கிச்சுது. மகள் நடிச்சதுக்குப் பேர் இல்ல, தாய் செய்ததுக்குக் காசு இல்ல. ஒக்டோபர் மழைக்குள்ள வைப்பர் மோட்டர் வேலை செய்யாம எத்தினை பேர் என்ர கடைக்கு நனைஞ்சு நனைஞ்சு வந்தவை, அவையில ஒருத்தருக்கும் நான் இந்த அம்மாவின்ர பேரைச் சொன்னதில்ல, தெரிஞ்சாத்தானே.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லிட்டுப் போறன், சொல்ல மனம் வரேல்ல. ஒரு படத்துக்கு நெருப்புக் காட்சி எடுக்கேக்க நெருப்பு கை மீறிப் போச்சு. அவவுக்கு எரிகாயம், தலைமயிர் கருகி, விழுந்து முதுகெலும்பிலயும் அடி. கம்பனி வைத்தியச் செலவு குடுக்கேல்ல. நடிக்கச் சொல்லி விட்டது புருசன் எண்டு அவரோடயும் பிரச்சினை. 1916 இல திரும்பி வந்து ஒரு பெரிய படம் செய்து, அதோட உடம்பு விழுந்து போச்சு, மாசக்கணக்கில எழும்ப ஏலாம. அந்த ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள சினிமா எங்கயோ போயிட்டுது, படம் நீளமாப் போச்சு, ஹொலிவூட் வந்திட்டுது, புது முகங்கள் வந்திட்டுது. பிறகு லொஸ் ஏஞ்சலிஸில அழகுசாதனக் கடை வைச்சுப் பாத்தவ. 1929 இல தாயும் செத்து, அந்த வருசமே பங்குச் சந்தை விழுந்து கைக்காசும் போச்சு. 1936 இல எம்ஜிஎம் கம்பனி பழைய ஸ்டார்மாருக்கு ஒரு உதவி மாதிரி சின்னச் சின்ன வேசம் குடுத்தது, கிழமைக்கு 75 டொலர். கூட்டத்தில ஒருத்தி. திரும்பவும் பேர் போடாத வேசம். தீராத வருத்தம் ஒண்டும் வந்து, 1938 டிசம்பர் 28 அவ தன்ர உயிரைத் தானே முடிச்சுக்கொண்டா. 52 வயசு.

ஹொலிவூட் சுடலையில புதைச்சாங்கள், கல்லு வைக்கேல்ல. முந்நூறு படத்துக்குக் கிட்ட நடிச்சவ, படுத்த இடத்தில பேர் இல்ல. 1991 இலதான் ஒரு நடிகர் காசு குடுத்து ஒரு கல்லு வைப்பிச்சார், அதில அவவின்ர பேரும் பயோகிராஃப் கேர்ள் எண்டும் முதல் மூவி ஸ்டார் எண்டும் வெட்டியிருக்கு. காசு குடுத்த நடிகர் தன்ர பேரைப் போட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாராம்.

அவவின்ர படங்களுக்கு என்ன நடந்தது எண்டதுதான் எனக்குக் கூடப் பிடிச்ச இடம். லூபின் கம்பனியின்ர ஃபிலிம் அறை 1914 இல வெடிச்சு எரிஞ்சு போச்சு, அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட், வெடிமருந்துக்குச் சொந்தக்காரன். விக்டர், இம்ப் படங்களும் பெரும்பாலும் இல்ல. மிஞ்சினது ஆரின்ர எண்டு பாருங்கோ, பேர் போடாத பயோகிராஃபின்ர. அந்த நேரம் அமெரிக்கச் சட்டத்தில சினிமாவுக்கெண்டு கொப்பிரைட் இல்ல, 1912 இலதான் வந்தது, ஃபோட்டோவுக்குத்தான் இருந்தது. அதால கம்பனி படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக் கடுதாசியில பிரிண்ட் போட்டு, பெரிய றோலாச் சுத்தி, இது ஃபோட்டோ எண்டு சொல்லி வாஷிங்டன் நூலகத்தில பதிஞ்சு வைச்சது. ஃபிலிம் எல்லாம் எரிஞ்சும் உருகியும் போக, அந்தக் கடுதாசி றோல் அப்பிடியே கிடந்தது. 1950கள்ல அதைப் பாத்துப் பாத்து ஃபிரேம் ஃபிரேமாத் திரும்ப ஃபிலிமுக்கு எடுத்தவை. நான் யூடியூப்பில பாத்த அந்தத் தலை சரிச்ச பார்வை கடுதாசியில இருந்து வந்தது. கம்பனி தன்ர சொத்தைக் காப்பாத்தப் போய் அவவையும் காப்பாத்திப் போட்டுது, தெரியாமத்தான்.

எங்களுக்கு அந்தக் கடுதாசியும் இல்ல. 83 ஜூலைக் கலவரத்தில ஹெந்தளையில விஜயா ஸ்டூடியோ எரியேக்க அதுக்குள்ள கிடந்த ஃபிலிம் எத்தினை, சிங்களப் படங்கள்தான் கூட, அதைச் செய்தவங்களுக்கு அது விளங்கினதோ தெரியாது. முதல் சிங்களப் பேசும் படம் 1947 இல வந்தது, மதுரையில எடுத்தது, எஸ்.எம். நாயகம் எண்ட தமிழர் எடுத்தது, அதில கதாநாயகி ருக்மணி தேவி. அவவின்ர பிறந்த பேர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் எண்டு வெள்ளவத்தையில நாலு பேரைப் பிடிச்சுக் கேளுங்கோ, ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஆச்சரியம். அவ்வளவு பெரிய ஆளுக்கே இந்த நிலை எண்டா.

இப்ப வீட்டு விசயம். உங்கட ஸ்டில்லில கிணத்தடியில அஞ்சு பொம்பிளையள் நிக்கினம். அதில ஒராள் எங்கட சின்னம்மா, அம்மாவின்ர தங்கச்சி. அப்ப 24 வயசு, ஒரு கந்தோரில டைப்பிஸ்ட், நாடகம் நடிக்கிற பழக்கம் இருந்ததால கூப்பிட்டவை. ரெண்டு வசனம். கதாநாயகி அழுதுகொண்டு போகேக்க, "என்னடி, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு" எண்டு கேக்கவேணும், பிறகு மற்றவையைத் திரும்பிப் பாத்து, "சொன்னாக் கேட்டாத்தானே" எண்டு சொல்லவேணும். குடத்தில தண்ணி தளம்பி முந்தானையில சிந்தவேணும் எண்டு சொல்லிப்போட்டாங்களாம், அதால வெறுங்குடம் ஏலாது, பித்தளைக் குடம், முட்டத் தண்ணி. ஒவ்வொரு தரமும் சீலை நனைஞ்சோண்ண வேற சீலை இல்ல, வெயிலுக்குள்ள நிண்டு அதையே காயப்போட்டுத் திரும்ப நடிச்சது, காலம தொடங்கினது பின்நேரம் மூண்டு மணிக்கு முடிஞ்சது. இடுப்பில குடத்தின்ர விளிம்பு பட்ட இடம் ஒரு கிழமைக்கு நீலமாக் கிடந்ததாம். குடுத்தது பஸ் காசும் ஒரு சோத்துப் பார்சலும்.

படம் வந்தோண்ண கொட்டாஞ்சேனையில தியேட்டருக்கு வீட்டில எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனவ, நானும் போனனான், சின்னப் பெடியன். எழுத்து ஓடேக்க சின்னம்மா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ, கை வேர்த்துப் போய் இருந்தது. கதாநாயகன் வந்தார், கதாநாயகி வந்தா, பகிடி நடிகர், வில்லன், தாய் வேசம், அதுக்குப் பிறகு "மற்றும் பலர்". சின்னம்மா கையை விட்டிட்டா. வீட்டுக்கு வர வழியில மாமா பகிடியா, என்னடி, நீ பலரா எண்டு கேட்டார், அண்டையில இருந்து எங்கட வீட்டில அவவுக்குப் பலர் எண்டே பேர் ஒட்டிட்டுது, நாங்கள் பிள்ளையள் எல்லாம் பலர் சின்னம்மா எண்டுதான் கூப்பிட்டது, இப்ப என்ர பேரப்பிள்ளை பலர் அம்மம்மா எண்டுது. அவவும் சிரிச்சுக்கொண்டு திரும்பிப் பாப்பா. படத்தின்ர பிரிண்ட் இப்ப ஒரு இடத்திலயும் இல்ல. உங்கட பேப்பரில வந்த அந்த ஸ்டில்தான் மிச்சம். அதைக் கொண்டுபோய்க் காட்டேக்க கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பாக்கேல்ல, கீழ இருக்கிற எழுத்தைத்தான் முதல் வாசிச்சவ. வாசிச்சிட்டு, "ஐம்பது வருசத்தில பலர் துணை நடிகையாகிட்டா, பதவி உயர்வு" எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போயிட்டா.

அவவுக்கு இப்ப 76 வயசு. நான் பேப்பருக்கு எழுதுறன் எண்டு சொன்னோண்ண, கடிதத்துக்குள்ள என்ர பேரை எழுதாத, நீளம் எண்டு வெட்டினாங்கள் எண்டா அவங்கள் முதல் வெட்டுறது அதைத்தான் எண்டு சொன்னவ. அதால பேரைத் தனித் துண்டில பெரிய எழுத்தில எழுதி இதோட பின் பண்ணியிருக்கிறன். வாற ஞாயிறு சினிமாப் பக்கத்தில திருத்தம் எண்டு ஒரு சின்ன இடம் காணும், அந்த ஸ்டில்லைத் திரும்பப் போட்டீங்கள் எண்டா இன்னும் நல்லம். மற்ற நாலு பேரின்ர பேரையும் சின்னம்மா ஞாபகப்படுத்திச் சொன்னவ, அதையும் துண்டின்ர பின்பக்கத்தில நிண்ட வரிசையில எழுதியிருக்கிறன். சின்னம்மா இடமிருந்து மூண்டாவது, குடம் இடுப்பில இருக்கு. பேரில நடுவில வாறது ளகரம், ழகரம் இல்ல.

இப்படிக்கு,
வயரிங் பாஸ்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.